கேட்டவர் யார் என்பதை முதலிலேயே கேளுங்கள்

மானநஷ்ட வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் நிதானிக்க வேண்டிய இடத்தில் அவசரப்படுகின்றன. விரைந்து முடிக்க வேண்டிய இடத்தில் காலம் கடத்துகின்றன. ஒரு கட்டுரையை முடக்கும் இடைக்காலத் தடையாணை, அதை எழுதியவர் வாய் திறப்பதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. ஆனால், நேரடிச் சாட்சி ஒருவர்கூட இல்லாத வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுக்கணக்கில் நகர்கிறது. கும்பகோணத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். இந்த இரண்டு அநியாயங்களையும் ஒருசேரப் பார்த்துவருகிறேன். இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்று நம்புவதால் இதை எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் ப்ளூம்பெர்க் நிறுவனம் ஜீ குழுமத்தைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. அதை நீக்கும்படி டெல்லி நீதிமன்றம் மார்ச் தொடக்கத்திலேயே உத்தரவிட்டது. உயர் நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்தது. முழு விசாரணைக்கு முன்பு ஒரு கட்டுரைக்குத் தடை விதிப்பது, எழுதுபவரின் உரிமையையும் மக்கள் அறிந்துகொள்ளும் உரிமையையும் கடுமையாகப் பாதிக்கும் என்று எச்சரித்தது. பணபலம் உள்ளவர்கள் விமர்சனத்தை அடக்குவதற்காகவே வழக்குத் தொடுக்கும் போக்கையும் சுட்டிக்காட்டியது. நல்ல தீர்ப்பு. ஆனால், தடையாணை விலகினாலும் வழக்கு அப்படியே நிற்கும். அதில் சரக்கு இருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே பார்ப்பதற்கு என்ன வழி?

அமெரிக்காவில் அதற்கு ஒரு வழி உண்டு. சுருக்கமுறைத் தீர்ப்பு என்று சொல்லலாம். வழக்கு தாக்கலான பிறகு இரு தரப்பும் ஆவணங்களைப் பரிமாறிக்கொள்கின்றன. சாட்சிகளிடம் சத்தியப்பிரமாணத்தின் பேரில் வாக்குமூலம் வாங்குகின்றன. அதன் பின் எந்தத் தரப்பும் மனுப் போடலாம்: “கைவசம் உள்ள சாட்சியம் இவ்வளவுதான். இதை வைத்து எந்த ஜூரியும் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. விசாரணை தேவையில்லை.” 1938 முதல் நடைமுறையில் இருக்கும் கூட்டாட்சி உரிமையியல் விதிகளில் 56ஆம் விதி இது. பத்திரிகைகள் மீதான அவதூறு வழக்குகள் பலவும் இந்தக் கட்டத்தில்தான் முடிகின்றன.

இந்தக் கட்டத்தில் நீதிபதியின் முன் இரண்டு கேள்விகள் வரும். எதைச் சாட்சியமாகக் கொள்ளலாம்? யாரை நம்பலாம்? முதல் கேள்விக்கு அவர் கட்டாயம் விடை சொல்ல வேண்டும். இரண்டாவதை அவர் தொடவே கூடாது. அமெரிக்க அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

ஒரே வாக்கியம், மூன்று வேலைகள்

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். என்னிடம் ஒருமுறை ரேஷன் கடை விற்பனையாளரான ஒரு பெண் வந்தார். அவர் அரிசியை வெளியே விற்பதாகப் பக்கத்துத் தெருக்காரர் ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். “என் பேரைக் கெடுத்துட்டாங்க வக்கீலம்மா, கேஸ் போடணும்” என்றார். “அவர் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?” என்று கேட்டேன். “இல்லம்மா, டீக்கடை அண்ணன் சொன்னாரு.” டீக்கடைக்காரரை அழைத்துவரச் சொன்னேன். அவர் வந்து, “நான் நேரா கேக்கலம்மா, மச்சான்தான் வந்து சொன்னாரு. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிட்டாங்க” என்றார். அந்தப் பெண் பட்ட அவமானம் உண்மை. அவர் கண்ணீரில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், அப்படியே வழக்குப் போட்டிருந்தால் தோற்றிருப்போம். நேரில் கேட்டவரைத் தேடச் சொல்லி அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து, கடை வரிசையில் நின்றபோது தன் காதாலேயே கேட்ட ஒரு பெண்மணியோடு வந்தார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். வழக்கு போகாமலே, சொன்னவர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தார்.

வரிசையில் நின்ற பெண்மணியும் அடுத்தவர் சொன்னதைத்தானே சொல்கிறார், அது மட்டும் செவிவழிச் சாட்சியம் ஆகாதா என்று இளம் வழக்கறிஞர்கள் கேட்பார்கள். ஆகாது. அவதூறு வழக்கில் அந்தச் சொற்கள் வாயிலிருந்து வந்ததே தீங்கு. அது நிகழ்ந்ததை நேரில் கேட்டவர் நேரடிச் சாட்சி. டீக்கடைக்காரர் அப்படியல்ல, சொற்கள் வெளிவந்த இடத்தில் அவர் இல்லை.

ஒரே வாக்கியம் ஒரு மானநஷ்ட வழக்கில் மூன்று வேலைகளைச் செய்யக்கூடும். “ஆணையர் லஞ்சம் வாங்கினார் என்று ஓர் ஊழியர் என்னிடம் சொன்னார்” என்று நிருபர் சாட்சி சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஊழியர் அப்படிச் சொன்னார் என்பதற்கு இது நேரடிச் சாட்சியம். ஆணையர் உண்மையிலேயே லஞ்சம் வாங்கினார் என்பதற்கு இது வெறும் செவிவழிச் செய்தி; நீதிமன்றம் ஏற்காது. நிருபர் எதை நம்பி எழுதினார், எவ்வளவு விசாரித்தார் என்பதற்கோ இது செல்லும். எந்த வேலைக்காக அந்த வாக்கியம் முன்வைக்கப்படுகிறது என்று கேட்காமல், “இது செவிவழி” என்று ஒதுக்குவதும் தவறு. “சாட்சி சொல்லிவிட்டார்” என்று ஏற்பதும் தவறு.

செய்தித்தாளின் கதையும் இதுவே. லட்சுமி ராஜ் ஷெட்டி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம், பத்திரிகைச் செய்தி செவிவழிச் சாட்சியத்தின் தன்மை கொண்டது, வேறு சாட்சியத்தால் நிரூபிக்காமல் அதை உண்மையென்று கொள்ள முடியாது என்றது. அச்சான பக்கம், அப்படி அச்சானது என்பதைக் காட்டும். அதில் உள்ளது நடந்தது என்பதைக் காட்டாது.

அமெரிக்காவின் 56ஆம் விதி இந்த வேறுபாட்டை ஆரம்பத்திலேயே கேட்கவைக்கிறது. பிரமாணப் பத்திரம் தருபவர் தாமே நேரில் அறிந்ததை மட்டுமே சொல்ல வேண்டும். 2010இல் திருத்தப்பட்ட விதிப்படி, விசாரணையில் ஏற்கத்தக்க வடிவத்தில் கொண்டுவர முடியாத சாட்சியம் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். இதில் ஒரு கருணையும் உண்டு. இன்று கையில் இருப்பது செவிவழியாக இருந்தாலும், நேரில் கேட்டவரை நாளை விசாரணைக்கு அழைத்துவர முடியும் என்று காட்டினால் வழக்கு பிழைக்கும். ரேஷன் கடைப் பெண்ணுக்கு நான் கொடுத்த அவகாசமும் இதுதான்.

நீதிபதி தொடக்கூடாத இடம்

இனி இரண்டாவது கேள்வி. 1964இல் நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விதி செய்தது. பொதுப் பதவியில் இருப்பவர் தம் பதவி தொடர்பான விமர்சனத்துக்காக நஷ்ட ஈடு பெற வேண்டுமானால், பொய் என்று தெரிந்தே எழுதினார்கள், அல்லது உண்மையா பொய்யா என்ற கவலையே இன்றி எழுதினார்கள் என்று காட்ட வேண்டும். அலபாமாவில் ஜூரி விதித்திருந்த 5,00,000 டாலர் நஷ்ட ஈடு அதோடு ரத்தானது. இதனால் அவதூறு வழக்கின் மையம் எழுதியவரின் மனதுக்குள் போய்விட்டது. ஒருவர் மனதில் என்ன இருந்தது என்பதைக் காகிதத்தைப் பார்த்து எப்படி முடிவுசெய்வது?

இதற்கு விடை தேடியது 1986இன் ஆண்டர்சன் எதிர் லிபர்ட்டி லாபி வழக்கு. பத்திரிகையாளர் ஜாக் ஆண்டர்சனின் ‘தி இன்வெஸ்டிகேட்டர்’ இதழ் 1981 அக்டோபரில் லிபர்ட்டி லாபி அமைப்பையும் அதன் நிறுவனர் வில்லிஸ் கார்ட்டோவையும் நவ நாஜிகளாகச் சித்தரித்துக் கட்டுரைகள் வெளியிட்டது. 28 கூற்றுகளும் 2 படங்களும் பொய் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். கட்டுரையாளர், ஒவ்வொரு கூற்றையும் எங்கிருந்து எடுத்தார் என்று பட்டியலிட்டுப் பிரமாணப் பத்திரம் தாக்கல்செய்தார். அவருடைய ஆதாரங்கள் நம்பத்தகாதவை என்றது வாதித் தரப்பு. அந்த இதழின் ஆசிரியர் ஒருவரே, அச்சேறும் முன்பு அந்தக் கட்டுரைகள் படுமோசம் என்று வெளியீட்டாளரிடம் சொல்லியிருந்ததையும் எடுத்துக்காட்டியது.

விசாரணை நீதிமன்றம் வழக்கு முழுவதையும் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 9 கூற்றுகளுக்கு மட்டும் உயிர் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில், மேல்முறையீட்டு நீதிமன்றம் தவறான அளவுகோலைப் பயன்படுத்திவிட்டது என்று திருப்பி அனுப்பியது. விசாரணையில் ‘தெளிவான, ஐயம் தீர்க்கும் சாட்சியம்’ தேவை என்றால், சுருக்கமுறைத் தீர்ப்பின்போதும் அதே அளவுகோல் வேண்டும் என்றது. கூடவே ஓர் எல்லையும் வகுத்தது: சாட்சியத்தை எடைபோடுவதும், யார் பேச்சு நம்பத்தக்கது என்று முடிவுசெய்வதும் இந்தக் கட்டத்தில் நீதிபதியின் வேலையல்ல. மனுவை எதிர்ப்பவரின் சாட்சியத்தை உண்மையென்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில், “எதிரி சொல்வதை ஜூரி நம்பாமல் போகலாம்” என்ற நம்பிக்கையை மட்டும் காட்டி வாதி தப்ப முடியாது. அவரும் ஏதாவது சாட்சியம் வைத்தாக வேண்டும்.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது ஒரு மாறுபட்ட தீர்ப்பு. 1964இல் சல்லிவன் தீர்ப்பை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கவசம் கொடுத்தவர் நீதிபதி பிரென்னன். அதே பிரென்னன்தான் 1986இல் பெரும்பான்மையோடு சேராமல் நின்றார். உயர்ந்த அளவுகோலைக் காகிதங்களின் மீது பொருத்தச் சொன்னால், நீதிபதி தம்மை அறியாமலே சாட்சியத்தை எடைபோடத் தொடங்கிவிடுவார், சுருக்கமுறை என்பது காகிதத்தில் நடக்கும் முழு விசாரணையாகிவிடும் என்று அஞ்சினார். அது நியாயமான அச்சம். சாட்சிக்கூண்டில் ஒருவர் குறுக்கு விசாரணையில் தடுமாறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வழக்கறிஞர் செதுக்கிக் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் அந்தத் தடுமாற்றம் வராது.

அந்த எல்லை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மாசன் எதிர் நியூ யார்க்கர் வழக்கு சாட்சி. உளப்பகுப்பாய்வாளர் ஜெஃப்ரி மாசனைப் பற்றி ஜேனட் மால்கம் 1983இல் எழுதிய கட்டுரைகளில், மேற்கோள் குறிக்குள் இருந்த சில வாக்கியங்களைத் தான் சொல்லவே இல்லை என்றார் மாசன். 40 மணி நேரத்துக்கும் மேலான ஒலிநாடாக்களில் அவை இல்லை. சில வாக்கியங்கள் ஒலிப்பதிவு இல்லாத உரையாடல்களில் வந்தவை, குறிப்பெடுத்துத் தட்டச்சு செய்துவைத்தவை என்றார் மால்கம். கீழ் நீதிமன்றங்கள் மால்கமுக்குச் சாதகமாகச் சுருக்கமுறைத் தீர்ப்பு வழங்கின. 1991இல் உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கியது. ‘சொன்னார்’, ‘சொல்லவில்லை’ என்று இருவர் நேருக்கு நேர் மோதும்போது, ஒலிநாடா மறுக்காதவரை, இந்தக் கட்டத்தில் மாசன் சொல்வதையே உண்மையாகக் கொள்ள வேண்டும் என்றது. வழக்கு ஜூரி முன் போனது. கடைசியில் 1994இல் மால்கமே வென்றார். 1984இல் போட்ட வழக்கில் ஜூரியின் தீர்ப்பு வரப் பத்தாண்டு பிடித்தது கொடுமைதான். ஆனால், அவர் பொய் என்று தெரிந்தோ, உண்மையா பொய்யா என்ற கவலையே இன்றியோ எழுதவில்லை என்று இருவரையும் நேரில் கேட்ட ஜூரி சொன்னதற்கு இருக்கும் மதிப்பு, காகிதத்தைப் படித்து ஒரு நீதிபதி சொல்லியிருந்தால் இருந்திருக்காது.

அடுத்தவர் சொன்னதைத்தான் சொன்னேன் என்பது எப்போதும் கேடயமாகிவிடாது. 1968இன் செயின்ட் அமன்ட் வழக்கில், தேர்தல் வேட்பாளர் ஒருவர் இன்னொருவர் கூறிய குற்றச்சாட்டைத் தொலைக்காட்சியில் வாசித்தார். சரிபார்க்காதது மட்டுமே போதாது, மனதுக்குள் கடும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அவரைக் காத்தது. ஆனால், பெயர் தெரியாதவரின் தொலைபேசி அழைப்பை மட்டும் நம்பி எழுதுபவரும், தகவல் தந்தவரைச் சந்தேகிக்க வெளிப்படையான காரணங்கள் இருந்தும் கண்ணை மூடிக்கொள்பவரும், நல்லெண்ணத்தோடு எழுதினேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்றும் எழுதிவைத்தது. தகவல் தந்தவரின் பெயரைச் சொல்ல மறுத்தால், அப்படி ஒருவர் இல்லை என்றே கொள்ளலாம் என்று நியூ ஹாம்ப்ஷயர் மாநில உச்ச நீதிமன்றம் 1980இல் சொன்னது எனக்கு அதிகப்படியாகத் தோன்றுகிறது. நம் ஊரில் அதைச் செய்தால் ஊழலை வெளியே சொல்ல ஒரு கடைநிலை ஊழியர்கூட முன்வரமாட்டார்.

வாதிக்கும் உதவும் வழி

சுருக்கமுறைத் தீர்ப்பு பத்திரிகைகளுக்கான சலுகை என்று நினைப்பவர்கள் டொமினியன் எதிர் ஃபாக்ஸ் நியூஸ் வழக்கைப் பார்க்க வேண்டும். 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் டொமினியன் நிறுவனத்தின் வாக்கு இயந்திரங்கள் முடிவை மாற்றிவிட்டன என்று ஃபாக்ஸ் நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அந்தக் குற்றச்சாட்டை ஒளிபரப்பில் எழுப்பிய வழக்கறிஞர் சிட்னி பவல், நிகழ்ச்சி நெறியாளருக்கு முன்னதாக ஒரு மின்னஞ்சலை அனுப்பியிருந்தார். காற்று தன்னோடு பேசுவதாக எழுதியிருந்த ஒருவரின் மின்னஞ்சல் அது. நாங்கள் பிறர் சொன்னதைச் செய்தியாகத்தான் சொன்னோம் என்றது ஃபாக்ஸ். டெலவேர் நீதிபதி எரிக் டேவிஸ் 2023 மார்ச் 31 அன்று, அந்தக் குற்றச்சாட்டுகள் பொய் என்பதை விசாரணையின்றியே தீர்ப்பாகச் சொன்னார். ஆவணங்கள் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டின. ஆனால், ஃபாக்ஸில் யாருக்கு எப்போது என்ன தெரியும், பொய் என்று தெரிந்தே ஒளிபரப்பினார்களா என்பதை ஜூரிக்கு விட்டுவிட்டார். ஆவணம் சொல்வதை நீதிபதி சொன்னார். மனம் அறிந்ததை ஜூரிக்கு ஒதுக்கினார். விசாரணை தொடங்கவிருந்த ஏப்ரல் 18 அன்று 78.75 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

இப்போது நம் சட்டம். 1994இல் ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பான ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் சல்லிவன் தீர்ப்பைப் படித்து, அதை ஒட்டிய ஒரு நெறியைத் தந்தது. அதிகாரிகளின் பணி சார்ந்த செய்தியில், நியாயமான அளவு சரிபார்த்துத்தான் எழுதினேன் என்று எழுதியவர் காட்டினால் போதும். அந்தச் சரிபார்ப்பைக் காட்டுவதற்குத்தான் நிருபரிடம் பிறர் சொன்ன சொற்கள் செல்லுபடியாகும். ஆக, அளவுகோல் நம்மிடம் முப்பதாண்டுகளாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் கட்டம்தான் இல்லை. பிராதைத் தள்ளுவதற்கான, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆம் கட்டளையின் 11ஆம் விதி, பிராதில் எழுதியிருப்பதை மட்டுமே பார்க்கும். சாட்சியம் பற்றிக் கேட்காது. 2015இன் வணிக நீதிமன்றச் சட்டம் கொண்டுவந்த 13-ஏ கட்டளை சுருக்கமுறைத் தீர்ப்பை அனுமதிக்கிறது. ஆனால், அது வணிகத் தகராறுகளுக்கு மட்டும். குற்றவியல் அவதூறிலும் இதே நிலைதான். பத்திரிகையாளர்கள் மீது தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதத்தில் ரத்துசெய்தது. முதல் படியிலேயே நடந்திருக்க வேண்டிய வேலைக்கு உயர் நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது.

நான் கேட்பது இதுதான். மானநஷ்ட வழக்கில் இரு தரப்பும் தங்கள் ஆவணங்களையும், நேரில் கேட்டவர் அல்லது படித்தவரின் பிரமாணப் பத்திரங்களையும் வைத்த பிறகு, சாட்சி விசாரணைக்கு முன் கட்டாயமாக ஓர் அமர்வு வேண்டும். வாதி நேரடிச் சாட்சி வைக்க முடியாவிட்டால் வழக்கு அங்கேயே முடியட்டும். எழுதியவர் ஏதேனும் சரிபார்த்ததற்குத் தடயமே இல்லாமல், பொய் ஆவணங்களாலேயே வெளிப்பட்டால் வாதிக்கு அங்கேயே தீர்ப்புக் கிடைக்கட்டும். சத்தியம் செய்த இருவர் முரண்பட்டால் மட்டும் இருவரும் கூண்டேறட்டும். அந்த அமர்வு முடியும்வரை, மிக அரிய நேர்வுகள் தவிர, கட்டுரைக்குத் தடை வேண்டாம்.

எளியவர்களால் ஆரம்பத்திலேயே ஆவணம் திரட்ட முடியாதே என்று என் சக வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் கட்டளைப்படி எதிர்த்தரப்பிடம் எழுத்துமூலம் கேள்விகள் கேட்கவும் ஆவணங்களைக் கோரவும் ஏற்கெனவே உரிமை இருக்கிறது. மாவட்ட நீதிமன்றங்களில் அதை நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை. அந்த உரிமையைப் பயன்படுத்த அவகாசம் கொடுத்த பிறகே இந்த அமர்வு நடக்க வேண்டும். அப்போது ரேஷன் கடைப் பெண்ணைப் போன்றவருக்கு வரிசையில் நின்றவரைத் தேடிக் கண்டுபிடிக்க நேரம் கிடைக்கும். ஒரு சிறு பத்திரிகையின் நிருபர் தன் குறிப்பேட்டைக் காட்டி வழக்கிலிருந்து வெளியே வரவும் முடியும்.

இதற்கு நாடாளுமன்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, மாநில அரசின் ஒப்புதலோடு முதல் அட்டவணை விதிகளைத் திருத்தும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 13-ஏ கட்டளையை ஒட்டி, மானநஷ்ட வழக்குகளுக்கென்று ஒரு விதியை வகுக்க வேண்டும். வழக்கறிஞர் சங்கங்களும் பத்திரிகையாளர் அமைப்புகளும் சேர்ந்து அந்த வரைவை எழுதி உயர் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். அந்த வேலையில் பங்கெடுக்க நான் தயார்.